மூன்றாவது மாடி காலி

டெய்லரம்மாவுக்குத் தோற்பது பிடிக்காது. அதிலும் முதல் மாடி கணக்கு வாத்தியாரிடம் தோற்பது சுத்தமாகப் பிடிக்காது. ஜெயித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிற ரகமா அந்த மனிதர்? படியில் எதிர்ப்பட்டால் போதும், "என்னம்மா, உங்க மாடி இறங்கியாச்சா, இல்ல இன்னும் வந்துட்டே இருக்கா?" என்று கேட்பார். போன ஒத்திகை முடிந்து ஆறு மாதம் ஆகியும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு மாதமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

என்ன ஒத்திகை என்று கேட்பீர்கள். நாலு மாடிக் குடியிருப்பு அது. பின்பக்கச் சுவரை ஒட்டினாற்போல ஒரு ஐஸ் ஃபேக்டரி. ஐஸ் உறைய வைக்க அமோனியா வேண்டும். குழாய்க்குள் இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும், வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் பதம் பார்த்துவிடும். அதனால் தீயணைப்பு அதிகாரி ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, சங்கு ஊதினால் எந்தப் படியில் இறங்குவது, காற்றுக்கு எந்தப் பக்கம் ஓடுவது, ஈரத்துணியை எப்படி மூக்கில் பொத்துவது என்றெல்லாம் பழக்கிக்கொடுப்பார். மாடிக்கு ஒரு தலைவர், இரண்டு தொண்டர்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கதவின் கைப்பிடியில் ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். துணி இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். துணி இல்லாத கதவைத் தொண்டர்கள் திறந்து, அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போக வேண்டும்.

இருபத்துநாலு வீட்டுக்கும் அந்தத் துணிகளை வெட்டி, ஓரம் அடித்து, முடிச்சுப் போட வாகாக நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தவள் டெய்லரம்மாதான். மூன்றாவது மாடிக்குத் தலைவியும் அவள்தான். அவளைத் தவிர வேறு யாரையும் தலைவியாக்க அந்த மாடியில் எவருக்கும் தைரியம் இருந்ததில்லை.

சீக்கிரமாகக் காலியாகிற மாடிக்கு ஒரு ஷீல்டு உண்டு. ஏதோ தங்கத்தில் வார்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். பித்தளைத் தகடு அடித்த மரப்பலகை, அதிலும் ஒரு ஆணியைக் காணவில்லை. அதற்குத்தான் இத்தனை போட்டி. போன தடவை மூன்றாவது மாடி ஒன்றரை நிமிஷ வித்தியாசத்தில் அதைக் கோட்டைவிட்டது. காரணம் கடைசி வீடு.

கடைசி வீட்டில் ஒரு வெல்டர் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தாள், மாடியில் எல்லோரும் லாண்டரி என்றே அவளைச் சொல்வார்கள். காலை ஆறரைக்கே அவள் கிளம்பிவிடுவாள். கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம், "அக்கா, அப்பப்ப ஒரு எட்டு பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஊரே டெய்லரம்மா என்று கூப்பிட்டாலும் அவள் மட்டும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒத்திகைக்காக வெல்டரைத் தூக்கி இறக்க வேண்டியதில்லை, நிஜமாகவே ஆபத்து என்றால் தொண்டர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வர வேண்டும் என்று அதிகாரி எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கதவில் துணி இருக்காது. கட்ட ஆள் ஏது? போன ஒத்திகையில் மாடியின் தொண்டர்களான எலக்ட்ரீஷியனும் அவன் கூட்டாளியும் உள்ளே போய், வெல்டரைப் பார்த்து, நலம் விசாரித்து, ஒருவர் இருக்கிறார் என்று தாளில் குறித்து, ஆடி அசைந்து இறங்கி வருவதற்குள் கணக்கு வாத்தியார் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தடவை ஒத்திகை வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு. அன்று காலை எட்டு மணிக்கு டெய்லரம்மா தன் மாடியை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிக் கதவு வந்தபோது நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். கதவை மெல்லத் தள்ளினாள். வெல்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பச்சைத் துணியை எடுத்து, கதவைச் சாத்தி, வெளியே கைப்பிடியில் கட்டினாள். நாலு மணிக்கு வந்து கட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள், இப்போதே முடித்துவிட்டால் தொல்லை விட்டது. எப்படியும் அவர் ஆட்டத்தில் இல்லாத ஆள்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் முடிச்சை அழகாகவும் போட்டாள்.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது.

டெய்லரம்மா ஒரு ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நாலு மணி என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே ஊதுகிறாரே, சோதித்துப் பார்க்கிறார் போல என்று அதிகாரியை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டும் இறங்கினார்கள். டெய்லரம்மா கையில் பட்டியலோடு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். எதிர்த்திடலில் போய் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மூணாவது மாடி காலி, டெய்லரம்மா."

மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. முதல் மாடியில் இன்னும் இரண்டு பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். டெய்லரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியாரைப் பார்த்து, "என்ன சார், உங்க மாடி இறங்கியாச்சா?" என்று கேட்டாள். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி அது.

வாத்தியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் பார்த்தார். அப்புறம்தான் எல்லோருக்கும் அந்த நெடி வந்தது. கண் எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ தாழ்வாகப் பரவி, குடியிருப்பின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி இறங்கிய வேகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது ஒத்திகை இல்லை.

அதிகாரி ஒவ்வொரு மாடித் தலைவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார்," என்றாள் டெய்லரம்மா.

சொல்லி வாய் மூடவில்லை, கடைசிக் கதவு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கைப்பிடி, முடிச்சு, குறட்டை எல்லாம் ஒன்றாக வந்தது. அதிகாரி அதற்குள் நாலாவது மாடித் தலைவரிடம் போய்விட்டார். இரண்டு எட்டு வைத்தால் எட்டிப் பிடித்துவிடலாம். 'சார், கடைசி வீட்டுல ஆள் இருக்காரு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி என்ன வரும் என்றும் அவளுக்குத் தெரியும். துணி கட்டியிருக்கிறதாமே, யார் கட்டியது? சுற்றிலும் இருபத்துநாலு வீட்டு ஜனம். பக்கத்தில் வாத்தியார். அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் கால் நகரவில்லை. இதோ சொல்கிறேன், இந்தச் சத்தம் அடங்கட்டும், இதோ சொல்கிறேன் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு நின்றாள். மனுஷி நின்றாளே, என்ன சொல்ல.

ஐந்து நிமிஷம் போனது. மெல்ல எலக்ட்ரீஷியன் பக்கம் நகர்ந்தாள்.

"எதுக்கும் மேல இன்னொரு தடவை பார்த்துடலாமா?"

அவனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கதவு கதவா பார்த்தேன் டெய்லரம்மா. வெல்டர் வீட்டுலகூடத் துணி இருந்துச்சு. இன்னிக்கு அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. என் மேல நம்பிக்கை இல்லையா?"

வாரத்துக்கு இரண்டு நாள் லாண்டரி அவரை அப்படி அழைத்துப் போவது உண்டு. வியாழக்கிழமை அந்த நாள் இல்லை என்று டெய்லரம்மாவுக்குத் தெரியும். காலையில் அவரைக் கண்ணாலேயே பார்த்தவள் வேறு. "நம்பிக்கை இல்லாம என்னப்பா," என்றாள். திரும்ப வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டாள்.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து லாண்டரி வேலைச் சீருடையோடு ஓடிவந்தாள். கூட்டத்தில் எல்லா முகத்தையும் பார்த்தாள். புருஷனைத் தூக்கி வந்த நாற்காலியைத் தேடினாள். பிறகு நேராக டெய்லரம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, அவரு எங்க?"

டெய்லரம்மா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள்.

லாண்டரி கத்திய கத்தலில் அதிகாரி திரும்பினார். முகமூடி போட்ட இரண்டு வீரர்கள் மேலே ஓடினார்கள். வெல்டரைக் கீழே தூக்கி வந்தவர்கள், அவர் கட்டிலில் இல்லை, கதவுக்கு நாலடி தூரத்தில் தரையில் கிடந்தார் என்றார்கள். இடது கையாலேயே அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மூடியிருந்த கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும் வரை டெய்லரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது.

உயிர் பிழைத்துக்கொண்டார். கண்ணுக்குக் கட்டு, மூச்சுக்குக் குழாய். இரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு பத்து இருபது வார்த்தை பேசக் கற்றுக்கொண்டிருந்தார். இனிமேல் அதெல்லாம் முதலிலிருந்துதான் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு. துணி எப்படி வந்தது? வேறு யார் கட்டுவார்கள், பெண்டாட்டிதான். வேலைக்குப் போகிற அவசரத்தில், உள்ளே புருஷன் இருக்கிறான் என்ற நினைப்புகூட இல்லாமல் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சிலர் அவசரம் என்றார்கள். இரண்டாவது மாடியில் ஒருத்தி, "அவசரமோ என்னவோ, ரெண்டு வருஷமா சுமக்கறா, சலிச்சுப் போயிருக்கும்" என்றாள். அந்தப் பேச்சு டெய்லரம்மாவின் தையல் மெஷினுக்கு முன்னாலேயே நடந்தது. அவள் தலை நிமிராமல் பெடலை மிதித்தாள். நூல் மூன்று தடவை அறுந்தது.

மறுநாள் லாண்டரியே வந்தாள். துணிமணி எடுக்க வந்தவள், கதவைத் திறப்பதற்கு முன்னால் டெய்லரம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் இடுங்கிப் போயிருந்தது.

"உங்க மாடி பேரையே கெடுத்துட்டேன்க்கா. மன்னிச்சிடுங்க."

"நீ என்ன செஞ்ச," என்றாள் டெய்லரம்மா, தொண்டைக்குள்ளேயே.

"எனக்கு ஞாபகமே இல்லக்கா. நேத்து நேரமாயிடுச்சு. வெளிய போறவங்க கட்டணும்னு மண்டையில இருந்துச்சில்ல, கை பாட்டுக்குக் கட்டிடுச்சு போல. ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தேன். கட்டின மாதிரியும் இருக்கு, கட்டாத மாதிரியும் இருக்கு. நான் கட்டாம வேற யாரு கட்டப்போறாங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரோட அண்ணன் வந்திருக்காரு. இவகிட்ட விட்டா கொன்னே போட்டுடுவா, டிஸ்சார்ஜ் ஆனதும் தம்பியை நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அதிகாரி எழுதறதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாராம். நான் என்னத்தக்கா சொல்றது, தப்பு என் மேலதானே" என்றாள்.

டெய்லரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் அழுதபோது முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள். அந்தக் கையை அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினாள். எதற்குக் கழுவினோம் என்று அவளுக்கே தெரியவில்லை, அழுக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பஸ் டிரைவரான தன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அதிகாரியிடம் சொன்னது தப்பு என்று தெரிந்தும் திருத்தாமல் நின்றதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவரிடம்கூட வாய் வரவில்லை. அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"நீ வேணும்னா செஞ்ச?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அந்தப் பொண்ணே தான் கட்டினேன்னு சொல்லுது. நீ எதுக்குக் குறுக்க போய் வாங்கிக் கட்டிக்கற? ரெண்டு நாள் பேசுவாங்க, அடங்கிடும்."

கேட்டதும் அவளுக்கு மனசு லேசானது. லேசானதே, அதுதான் கொடுமை. சீச்சீ, இப்படியும் ஒரு ஜென்மமா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். கீழ்த்தளத்தில் சைக்கிள்களை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். வெல்டரின் அண்ணன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாண்டரி சுவரோரம் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதிகாரி அறிக்கையைப் படித்தார். குழாய் எங்கே வெடித்தது, எத்தனை நிமிஷத்தில் எந்த மாடி இறங்கியது எல்லாம் வந்தது. மூன்றாவது மாடி, மூன்று நிமிஷம் நாற்பது வினாடி, மிகச் சிறப்பு. சிலர் கைகூடத் தட்டினார்கள். டெய்லரம்மாவுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"கடைசி வீட்டின் கதவில், வீட்டுப் பெண்மணியே கவனக்குறைவாகத் துணியைக் கட்டிச் சென்றதால்..." என்று படித்துவிட்டு அதிகாரி நிமிர்ந்தார். "இது சரிதானேம்மா? சரின்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

லாண்டரி முன்னால் வந்தாள். பேனாவை வாங்கினாள். நின்றபடியே மேஜை மேல் குனிந்தாள்.

"அவ கட்டல," என்றாள் டெய்லரம்மா.

எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"நான்தான் கட்டினேன். காலைல எட்டு மணிக்கு. அவரு உள்ள தூங்கிட்டு இருந்தாரு, பார்த்துட்டுத்தான் கட்டினேன். அந்தக் கதவால போன தடவை தோத்துட்டோம். இந்தத் தடவை ஜெயிக்கணும்னு கட்டினேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

எலக்ட்ரீஷியன் தலையில் கைவைத்துக்கொண்டான். கணக்கு வாத்தியார் ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்றுதான் டெய்லரம்மா காத்திருந்தாள். அந்த மனிதரோ அவளைப் பார்க்க மாட்டாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, அதன்மேல் மெதுவாக ஏதோ எழுதினார். வெல்டரின் அண்ணன் எழுந்து லாண்டரியின் அருகில் போய் நின்றார். சங்கடத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன்மா. தம்பி உங்கிட்டயே இருக்கட்டும். நான் பேசினதை மனசுல வெச்சுக்காத."

கூட்டம் கலைந்தது. போகிறவர்கள் டெய்லரம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லாண்டரி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று டெய்லரம்மா உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். லாண்டரி அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணு நாளா என் கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன்க்கா. இந்தக் கைதானே அவரை உள்ள வெச்சுக் கட்டுச்சுன்னு. அவரைத் தொடக்கூடக் கை கூசுச்சு. நான் இல்லன்னு சொன்னீங்களே, அது போதும்க்கா. இத்தனை பேர் முன்னாடி யாரு சொல்லுவா?"

டெய்லரம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு முழுசாக வந்தது. அப்பாடா என்று இருந்தது. மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா," என்றாள் லாண்டரி. "திடல்ல நின்னீங்கல்ல, அப்ப ஞாபகம் வரலையா?"

டெய்லரம்மா ஓரங்கட்டியிருந்த சைக்கிள்களைப் பார்த்தாள்.

"பதட்டத்துல மறந்திருப்பீங்க. இருக்கும். என்னைப் பாருங்க, கட்டாத துணியைக் கட்டினேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த நேரத்துல யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்?"

பதிலையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். அதிகாரியே மறந்துவிட்ட ஒரு கேள்வி, எந்தத் தாளிலும் ஏறாத பதில். டெய்லரம்மா தலையை ஆட்டத்தான் நினைத்தாள். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவள் என்ன சொன்னாலும் நம்பிவிடும் போல இருந்தது.

"வந்துச்சு," என்றாள்.

"எப்ப?"

"உள்ள யாராவது இருக்காங்களான்னு அவரு கேட்டாரு. யாரும் இல்லன்னு சொன்னேன். சொன்ன உடனே வந்துச்சு."

லாண்டரியின் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறவள் மாதிரி. அந்தக் கால்மணி நேரத்தில் அவர் கட்டிலிலிருந்து கதவு வரை வந்த தூரத்தைத்தான் அவள் அளக்கிறாள் என்று டெய்லரம்மாவுக்குப் புரிந்தது. அப்புறம் லாண்டரி தன் கைகளை எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று இழுக்கவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். எழுந்து புடவையைச் சரிசெய்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு," என்றாள். "கொஞ்சம் காலை நகர்த்திக்கோங்க, டெய்லரம்மா."